ருபார்ப் செத்த ஞாயிற்றுக்கிழமை

உக்காருங்க டீச்சர். அந்தச் சேர் வேணாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணி எப்ப எப்ப வரும், கறி மீன் சமைக்கலாமா, சிறுத்த கிறுத்த வருமா, இதத்தானே கேக்க வந்தீங்க? மூஞ்சியிலேயே வரிசையா எழுதியிருக்கு. ஒண்ணுக்கும் இப்பப் பதில் சொல்லமாட்டேன். சொன்னா, கைப்பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, "சரிங்க, யோசிச்சு சொல்றேங்க"ன்னு எந்திரிச்சிருவீங்க. வீடு பாக்க வர்ற அத்தன பேருக்கும் ஒரே வாயி. யோசிச்சு சொல்றேங்க. என்னத்த யோசிப்பாங்களோ.

புரோக்கர் என்ன சொன்னான் எங்களப் பத்தி? நானே சொல்றேன். கழுத்த இப்படி ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு, "அந்தம்மா கொஞ்சம் ஒரு மாதிரிங்க... ஆனா மனசு தங்கம்." சொன்னானா இல்லையா? சிரிக்கிறீங்க பாருங்க. அவன் எல்லா வீட்டு ஓனரையும் அதான் சொல்லுவான். ஊட்டியில இருக்குற அத்தன பேரும் அவனுக்குத் தங்கந்தான்.

மேல டங்கு டங்குன்னு கேக்குதே, அது பாத்திரம். மேல குடியிருக்குறவ மூட்ட கட்டுறா. இந்த வாரத்துக்குள்ள காலி பண்ணிருவா. ஏன் காலி பண்றான்னு கேளுங்களேன். அரப் பரிச்ச கூட முடியல, பிள்ளைய இழுத்துக்கிட்டு ஒருத்தி வீடு மாறுறான்னா, டீச்சரா இருக்குற நீங்கதானே மொதல்ல கேக்கணும்? கேக்கமாட்டீங்க. மனசுக்குள்ளேயே ஓட்டுவீங்க. பேய் இருக்குமோ. கூர ஒழுகுமோ. வீட்டுக்காரர் ஒரு மாதிரியான ஆளோ. ஹூம். வீட்டுக்காரரு. அந்தா மூலையில உக்காந்து பட்டாணி உரிக்கிறாரே, அவருதான். பட்டாணி உரிக்கிறதுலகூட ஒரு வேகம் கெடையாது. இவரு ஒரு மாதிரியான ஆளா இருந்தாத்தான் தேவலையே.

கொலை டீச்சர். கொல பண்ணதுக்காகத்தான் காலி பண்ணச் சொன்னேன்.

அட, உக்காருங்க. ஆளு யாரும் சாகல. ஆளு செத்திருந்தா மன்னிச்சு விட்டிருப்பேன்.

அப்படியே திரும்பி ஜன்னல் வழியா பாருங்க. துணிக்கொடி, அதுக்கு அடியில மாடிப்படி, படிக்குப் பக்கத்துல கருப்பா ஒரு குழி. தெரியுதா? அதுலதான் இருந்துச்சு என் ருபார்ப்.

கேள்விப்பட்டதில்லேல்ல? தெரியும். எந்த ஊர்னு சொன்னீங்க? பொள்ளாச்சி. சரி, தேங்கா. தேங்காய்க்கு மேல அங்க யாரும் யோசிக்கிறதில்ல. தப்பில்ல, வெயில் அப்படி. ருபார்ப்புக்குக் குளிர் வேணும். செவப்புத் தண்டு, கட்டவெரல் தண்டி, முழங்க நீளம். மேல எல சேம்பு எல கணக்கா, மழைக்குக் கொடையாப் பிடிக்கலாம். தண்டு மட்டுந்தான் திங்கணும். புளிப்புன்னா புளிப்பு, புளிச்சக்கீர கிட்ட நிக்க முடியாது. எல விஷம். சுத்தமான விஷம். அப்படி ஒரு செடி. தகுதி இருக்குறவன் வளக்கலாம், மத்தவன் தள்ளி நிக்கணும்.

நான் போர்டிங் ஸ்கூல் மேட்ரன், ரிட்டயர்டு. இந்தத் தெருவுல எம்பேரு பெர்னதெத்துன்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, மேட்ரனம்மான்னா நாய் கூட வழி விடும். எங்க பழைய பிரின்சிபால் அந்த ஸ்கூல்ல ஒரு பாத்தி முழுக்க ருபார்ப் வச்சிருந்தாங்க. ஒல்லியா, நெட்டையா, ஒரு தொப்பி போட்டுக்கிட்டு, "மேட்ரன்! நோ நைஃப்! கத்தி நோ! பிடி... திருகு... இழு!" அவங்க போனதும் புதுசா வந்தவன் அந்தப் பாத்திய அழிச்சு பாஸ்கெட்பால் போட எடம் பண்ணான். பிள்ளைங்களுக்கு ஒரு பந்து குடுத்தாப் போதும்னு நெனைக்கிற ஜென்மம். ஒரே ஒரு கெழங்க மட்டும் ஈரச்சாக்குல சுத்தி நான் கொண்டாந்தேன்.

நானே நட்டேன். இவரு குழி வெட்டுனாரு. மக்குன சாணி எரு இவரு சொமந்துட்டு வந்தாரு. கெழங்க உள்ள வச்சு மண்ணத் தள்ளுனதும் இவருதான். நான் இந்த ஜன்னல்லேர்ந்து சொன்னேன். நடுறதுன்னா சொல்றதுதானே டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் சொல்றதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க.

லேசுப்பட்ட காரியமில்ல. மொளக்கண்ணு மண்ணுக்கு மேல எட்டிப் பாக்கணும். ஆழமாப் போனா அழுகும். மேடு கட்டணும், இல்லேன்னா இந்த ஊரு மழைக்குத் தண்ணி நின்னு அடியிலேர்ந்து கூழாப் போயிரும். மொத வருசம் ஒரு தண்டக்கூடத் தொடக்கூடாது. செடி தன்னத் தானே கட்டிக்கணும். மொத வருசம் இவரு ஒருநா அதப் போயித் தொட்டுட்டாரு. கேட்டா "தடவிக் குடுத்தேன்"ங்கிறாரு. நான் போட்ட சத்தத்துல எதுத்த பள்ளத்துல எவனோ "என்னங்க ஆச்சு?"ன்னு கேக்குறான். ரெண்டாவது வருசம், போனாப் போகுதுன்னு சும்மா ரெண்டு மூணு தண்டு. மூணாவது வருசத்துலேர்ந்து அறுவட. அறுக்கக்கூடாது, பிடி, திருகு, இழு. பூத்தண்டு வந்தா உடனே கிள்ளி எறியணும், பூக்க விட்டா தண்டு வத்திரும். மார்கழிப் பனிக்கு மேல வைக்கோல் போத்தணும். விடியக்காலம் எந்திரிச்சு அந்த வைக்கோல வெலக்கிவிடணும். அது இவரு வேல. எனக்குப் பனி ஆகாது.

எப்படி வந்துச்சு தெரியுமா! ஒரு எலைக்கு அடியில பூன குடும்பம் நடத்துச்சு.

வீட்ல புளி வாங்குறதையே நிறுத்திட்டேன். ருபார்ப் ரசம். ருபார்ப் தொக்கு. சனிக்கெழம மத்தி மீன் கொழம்பு, அதுல புளிக்குப் பதிலா ருபார்ப். காலையில ரொட்டிக்கு ருபார்ப் ஜாம், சாயங்காலம் டீயோட வர்க்கி பிஸ்கட்டுக்கு ருபார்ப் ஜாம். அக்கம்பக்கத்துக்கும் பாட்டில் பாட்டிலாக் குடுப்பேன். எதுத்த வீட்டு ரேஞ்சர் சம்சாரம் வாங்கும்போதே, வாய் மட்டும் சிரிக்கும், கண்ணு பாட்டில எங்க வைக்கலாம்னு தேடும். "ஐயோ, எதுக்கு மேட்ரனம்மா, போன மாசத்து பாட்டிலே இருக்கே!" இருக்கு பாருங்க. தெனம் திங்க வேண்டியத வச்சு வச்சு ஆசையாத் திங்குது. காஞ்ச பழக்கம், விடுமா?

இவருக்கு உசுரு. வாயால ஒரு வார்த்த சொல்லமாட்டாரு, அது இவரு பொறப்பு. எலக்ட்ரிசிட்டி போர்டுல லைன்மேனா இருந்த மனுசன். கம்பத்து மேலயே காலத்தக் கழிச்சவரு யாரோட பேசுவாரு? ஆனா சாப்பிடும்போது பாக்கணும் நீங்க. தட்டப் பாத்துக் குனிஞ்சு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, மூச்சு விடாம முழுங்குவாரு. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி. அப்படி ரசிச்சுச் சாப்பிடுற ஆளு வேற யாரு இருக்கா?

இப்ப மேல இருக்குறவளுக்கு வர்றேன்.

பேரு பிரம்மசக்தி. பேரப் பாருங்க. பிரம்மாவையும் சக்தியையும் ஒண்ணா முடிஞ்சு ஒரு மீன்கொழம்புச் சட்டியோட அனுப்பி வச்சிருக்காங்க திருச்செந்தூர்லேர்ந்து. புருசன் வர்க்கி பேக்கரியில மாவு பெசையிறான். ஒரு பொட்டப்பிள்ள, அஞ்சாங்கிளாஸ். வந்த அன்னிக்கே என் பாத்தி முன்னாடி இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னா. "எக்கா, இது என்னதுக்கா? எங்கூரு சேம்பு மாரில்லா இருக்கு!" சேம்பாம். ராசா வீட்டுக் குதிரையப் பாத்து எங்கூருக் கழுத மாரி இருக்குங்கிறா. பாவம், கடலுக்குப் பக்கத்துல பொறந்தா தண்ணியத் தவிர வேற எதத் தெரியும்?

ஒருநா மத்தியானம். மேலேர்ந்து பருப்பு வேகுற வாசம் வருது. சரி, வேகட்டும். கொஞ்ச நேரத்துல பூண்டு சீரகம் தட்டுற சத்தம். சரி. குப்பைக் குழிப்பக்கம் போறேன், காலையில நான் கிள்ளிப் போட்ட எலக்கட்டக் காணோம்! நாலு கால் பாய்ச்சல்ல மாடி ஏறுறேன். பலகையில அத்தன எலையும் பொடிப்பொடியா அரிஞ்சு குவிஞ்சு கெடக்கு. அவ சிரிக்கிறா. "கீரக் கூட்டு வைக்கேன்க்கா. தளதளன்னு கெடந்துச்சு, இம்புட்டு நல்ல கீரையப் போயி குப்பையில போட்டிருக்கியளேன்னு மனசு கேக்கல." எலையோட ஒட்டியிருந்த தண்டு நுனிய மட்டும் ஓரமா வெட்டித் தள்ளி வச்சிருக்கா, மாட்டுக்காம்!

திங்க வேண்டியது மாட்டுக்கு. விஷம் மனுசனுக்கு. படிச்சுப் படிச்சு செஞ்சாக்கூட இவ்வளவு சரியாத் தப்பா செய்ய முடியுமா டீச்சர்?

நான் அந்த எலையையும் அள்ளினேன், அடுப்புல இருந்த பருப்புச் சட்டியையும் தூக்கினேன், ரெண்டையும் சாக்கடையில கவுத்துனேன். பருப்புல இன்னும் எல விழலக்கான்னு கத்துறா. யாரு கண்டா? மூணு உசுரக் காப்பாத்தியிருக்கேன். கால்ல விழவேணாம், நன்றின்னு ஒரு சொல்லு? அவ என்ன கேட்டா தெரியுமா? "பாதி வெசம்னு தெரிஞ்ச செடிய பிள்ள நடமாடுத படிக்கிட்ட வச்சிருக்கியளே, ஒரு வேலி போடக்கூடாதாக்கா?" வேணும்னா உம்பிள்ளைக்குப் போடுடி வேலின்னேன். உடனே அவ, மெதுவா, அந்த ஊரு இழுப்போட, "சரிக்கா. பாதி வெசம். மீதிப் பாதி நல்லதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பாத்தீங்களா? அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு. மனசுல வச்சுக்கிட்டா. பொறாம. கடல்கரையில என்னத்த வளக்க முடியும்? இங்க வந்து என் செடிய நெதம் படியேறும்போதும் எறங்கும்போதும் பாக்கணும்னா வயிறு எரியாதா?

இதுக்கு நடுவுல இவருக்கு வந்துச்சு கல்லடைப்பு. கிட்னியில கல்லு. மொத தடவ ஈஸ்டருக்கு முன்ன. வலின்னு சொவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. தவக்காலத்துல எல்லாருக்குந்தான் கொஞ்சம் வலிக்கும்னேன். ரெண்டாவது தடவ வந்தப்ப ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரா அது? மீச இப்பத்தான் வரலாமா வேணாமான்னு யோசிக்குது. நம்மளப் பாக்கவே மாட்டான், கம்ப்யூட்டரப் பாத்துத்தான் பேசுவான். "ஓகே அங்கிள்... ஓகே அங்கிள்... ஸ்டோன் ஃபார்ம் ஆகுது அங்கிள்..." அங்கிளாம். இவரு பல்லக் கடிச்சிட்டு நெளியிறாரு, அவனுக்கு எல்லாம் ஓகே. பசலக்கீர வேணாம், பீட்ரூட் வேணாம், முந்திரி வேணாம், தக்காளியக் கொறைங்க. அப்புறம் கேட்டான், "கீரை மாதிரி, இல்ல வழக்கமில்லாத எதாச்சும் தெனமும் சாப்பிடுறீங்களா அங்கிள்?" இவரு வாயத் தொறந்தாரு. நான் முந்திக்கிட்டேன். "ஒண்ணுமில்ல டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான்."

பொய்யா சொன்னேன்? ருபார்ப் கீரையா? தண்டு. எங்க வீட்ல வழக்கமில்லாததா? தெனம் திங்கிறது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அந்தப் பையனுக்கு ருபார்ப்னா என்னன்னு நான் பாடம் எடுத்துட்டு இருக்கணுமா, வெளிய டோக்கன் வாங்கிட்டு கூட்டம் நிக்குது.

தக்காளி ஆகாதுன்னான்ல, சரின்னு தக்காளி போடுற எடத்துலயும் ருபார்ப்பப் போட்டேன். பத்தியம்னா நான் பத்தியம்.

அதுக்கு மேலயும் வந்துச்சு பாருங்க மூணாவது தடவ! எல்லாம் இந்த ஊருத் தண்ணி. அன்னிக்கு இவரு இந்தத் தரையில சுருண்டு கெடந்தாரு. நான் மேல போத்த சால்வ தேடிட்டு இருக்கேன், குளிர்ல வெளிய கூட்டிட்டுப் போகணும்ல. அதுக்குள்ள மேலேர்ந்து அவ ஓடியாறா, அவ புருசன் ஓடியாறான், மாவுக்கையோட. ஒரு வார்த்த கேக்கல. என் புருசன முதுகுல தூக்கிப் போட்டுட்டு வாசப்படியெறங்கி ஆட்டோவுக்குப் போறான்! சட்ட பூரா மாவு. துவைச்சுத் துவைச்சுப் போகல. அதிகப்பிரசங்கித்தனம் அந்தக் குடும்பத்துக்கே ரத்தத்துல ஊறிப் போச்சு.

மறுநா ஆசுபத்திரியிலேர்ந்து வந்ததும், வாழத்தண்டச் சாறு பிழிஞ்சு சொம்புல கொண்டாந்து நிக்கிறா. "அண்ணாச்சிக்குக் குடுங்கக்கா. அந்தச் செவப்புத் தண்டு மட்டும் வேணாம்க்கா. அவுகளால முடியல. பாத்தாத் தெரியலியா ஒங்களுக்கு?" இவரு அந்தச் சொம்பையே பாத்துட்டு இருக்காரு. நான் வாங்கி வச்சேன். குடுத்தேன், இல்லேங்கல. கூடவே ருபார்ப் ரசமும் குடுத்தேன். அவ சொல்லி நான் கேட்டதா இருக்கக்கூடாதுல்ல?

சரி. அந்த ஞாயித்துக்கெழம.

பூசைக்குக் கெளம்புறேன். இவரு முதுகு வலிக்குது, நீ மட்டும் போயிட்டு வாங்கிறாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு ஞாயிறு பூச தவறாத மனுசன், அன்னிக்கு மட்டும் முதுகு வலி. விதி பாருங்க. இவரு மட்டும் கோயிலுக்கு வந்திருந்தா... வந்திருந்தா என்ன? இவரு இல்லேன்னாலும் அவ செஞ்சிருப்பா. இவரு வீட்ல இருக்கும்போதே செஞ்சிருக்கான்னா துணிச்சல் எவ்வளவு!

பூச முடிஞ்சு வர்றேன். கேட்டத் தொறக்கும்போதே ஒரு வாடை. கீர வேக வச்ச வாடை. திரும்பிப் பாக்குறேன். என் ருபார்ப்பு... அத்தன எலையும் அவிச்சுத் தொங்கப் போட்ட மாதிரி தரையோட தரையா. தண்டு கொழகொழன்னு நெறம் வெளுத்து. மண்ணுலேர்ந்து இன்னும் ஆவி வருது டீச்சர். மொளக்கண்ணத் தொட்டுப் பாத்தேன், கையோட வந்துருச்சு. சுத்தி மண்ணு மேல வெள்ள வெள்ளயா. நாக்குல வச்சுப் பாத்தேன். கல்லுப்பு.

வெந்நி காய வச்சு, உப்பக் கொட்டி, ஊத்தியிருக்கா. அங்கேயே உக்காந்துட்டேன், பூசைக்குக் கட்டிட்டுப் போன பட்டுச் சேலையோட. எங்கம்மா செத்தப்பகூட நான் சேர்லதான் உக்காந்தேன்.

அழுதுட்டு விட்டுருவேனா? பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க வரிசையில நின்னா எவ பிஸ்கட் எடுத்தான்னு வாயப் பாத்தே சொன்னவ நான். விசாரிச்சேன். மொத ஆதாரம், அண்டா. பாத்தி ஓரத்துல கவுந்து கெடக்கு. யாரோட அண்டா? எங்க குளியலற அண்டா! எங்க அண்டாவுலயே, எங்க வெறகுலயே காய வச்சு ஊத்தியிருக்கா. ரெண்டாவது, உப்பு. சமையக்கட்டுக்குள்ள வந்து பாத்தா, நான் ஊறுகா போட வாங்கி வச்ச கல்லுப்பு ஜாடி தொடச்சு வச்ச மாதிரி காலி. இவரு இங்க உக்காந்திருக்கும்போதே இவரத் தாண்டி உள்ள வந்து எடுத்துட்டுப் போயிருக்கா! இவருகிட்டக் கேட்டேன், யாராச்சும் உள்ள வந்தாங்களா? "யாரும் வரல"ங்கிறாரு. பூன மாதிரி வந்திருக்கா. மூணாவது, இவரு வேட்டி முழுக்க ஈரம். ஏங்க ஈரம்னு கேட்டா, வேட்டி நுனியப் பிழிஞ்சு விடுறாரு. சத்தங்கேட்டு ஓடிப்போயித் தடுக்கப் பாத்திருக்காரு, பாவம். அதச் சொல்லிக் குடுக்க மனசு வரல. இவருக்கு யார் மேலயும் பழி சொல்லத் தெரியாது.

அவளக் கீழ கூப்பிட்டேன். நீதானேடி? "நான் இல்லக்கா." எங்க அண்டாவத் தொட்டியா? "தொடலக்கா." அப்ப யாரு? யாருன்னு தெரியுமா தெரியாதா? அப்ப பாக்கணும் நீங்க அந்த மூஞ்சிய. என்ன நேருக்கு நேரா பாக்கத் தைரியம் இல்லாம, அப்படியே திரும்பி இவரப் பாக்குறா. இவரு தரையப் பாக்குறாரு. அவ கொஞ்ச நேரம் இவரையே பாத்துட்டு, தலையக் குனிஞ்சு, "எனக்குத் தெரியாதுக்கா"ங்கிறா. குத்தமுள்ள நெஞ்சுன்னு நெத்தியில ஒட்டியிருக்கு. போர்டிங்ல எத்தன பாத்திருக்கேன் இந்த மாதிரி. மாட்டிக்கிட்டா யாரு எளகுன மனசோ அவங்கள ஒரு பார்வ பாப்பாளுங்க, காப்பாத்துங்கன்னு.

அந்த எடத்துலயே சொல்லிட்டேன். மாசக் கடைசி. அவ புருசன் வந்து நின்னு, "பிள்ளைக்குப் பரிச்சை முடியுற மட்டும் இருந்துக்கிடுதோம்மா, இங்க வேற வீடு கெடைக்கல"ன்னு கேட்டான். கெடைக்கலேன்னா ஊருக்குப் போகட்டும், மூணு பேரும். அவளும் பிள்ளையும் ஊருக்குப் போறாங்களாம், அவன் மட்டும் பேக்கரியிலயே மாவு மூட்ட மேல படுத்துக்குவானாம். படுக்கட்டும். மெத்துமெத்துன்னு இருக்கும்.

இதுல ஒரு நல்லது பாருங்க. அந்த ஞாயித்துக்கெழமையிலேர்ந்து இவருக்கு வலி நின்னுபோச்சு! ஒரு தடவ கூட வரல. மூஞ்சியில ரத்தம் ஓடுது. அந்தோணியாருக்கு நான் செவ்வாக்கெழம விரதம் இருந்தது வீண் போகல. டாக்டர் பையன் ஸ்கேன்ல பாத்துட்டு, "ஓகே அங்கிள்! சூப்பர் அங்கிள்! என்ன பண்ணீங்க?" இவரு என்னப் பாத்தாரு. நான் அந்தோணியாருன்னேன். ஓகே ஆன்ட்டின்னான்.

என்ன சொன்னீங்க? வீடு பிடிச்சிருக்கா? அட, மேல போயிப் பாக்காமலேயேவா! உங்கம்மாவுக்குப் படி ஏற முடியணும்னு சொன்னீங்களே. ஏறிருவாங்களா, நல்லது. அட்வான்ஸா? இப்பவேவா? பாத்தீங்களா, யோசிச்சு சொல்றேன்னு சொல்லாத மொத ஆளு நீங்க. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுது. ஒரே ஒரு கண்டிசன். படியெறங்கும்போது இடது பக்கம் கால் படக்கூடாது. வேலி கீலின்னு பேச்செடுக்கக் கூடாது. ஏன்னா அந்தக் குழி சும்மா இருக்கப் போறதில்ல.

அந்தக் கதவுக்குப் பின்னால சாக்கு தெரியுதா? தொடாதீங்க, ஈரமா இருக்கும். கொடைக்கானல்ல எங்க அக்கா மகன் ஒரு பழைய பங்களாவுல தோட்டத்தப் பாத்துக்குறான். கெழங்கு கேட்டேன், நேத்து பஸ்ல குடுத்து விட்டுட்டான். நாலு மொளக்கண்ணு! பனிக்காலத்துல வச்சாத்தான் வேர் பிடிக்கும். பழைய மண்ணப் பூரா அள்ளிப் போட்டுட்டு, ஆழமா வெட்டி, புது எரு. மொத வருசம் விட்டுரலாம்னு பாத்தேன், ஆனா இந்தக் கெழங்கு பெருசு, வரும்போதே ரெண்டு தண்டு இவருக்கு ரசத்துக்குத் திருகிக்கலாம். ஏக்கம் பிடிச்சுப் போயிருக்காரு மனுசன். வாய்விட்டுக் கேக்கமாட்டாரு.

ஏங்க. நாளைக்குக் காலையில அந்தக் குழிய வெட்டிருங்க. கேக்குதா? என்ன, கை நின்னுருச்சு? பட்டாணியக் கீழ கொட்டுறீங்க பாருங்க. என்னது? சத்தமா சொல்லுங்க, டீச்சர் வந்திருக்காங்க.

என்ன, "வெட்டமாட்டேன்"? முதுகு வலியா மறுபடி?

"முதுகு வலி இல்ல பெர்னி. நட்டேன்னா மறுபடியும் நான்தான் அண்டா நெறைய வெந்நி காய வச்சு ஊத்தணும். டீச்சரம்மா, நீங்க காச உள்ள வைங்க. அன்னிக்கு நான் அண்டாவத் தூக்குறேன், அந்தப் பொண்ணு படியில நின்னு பாத்துச்சு. 'சூடா இருக்கும் அண்ணாச்சி, துணி பிடிச்சுத் தூக்குங்க'ன்னு மட்டுந்தான் சொல்லுச்சு. இன்னிக்குச் சாமான் கட்டுற வரைக்கும் வேற யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல."